சின்ன வளையம்

முதலாவது, பூஷ்தா ஸெர்வாலி சிறுவனாக இருந்தபோது தோல் பதனிடும் பட்டறையின் சுண்ணாம்புக் குழியில் அவருடைய தகப்பனார் விழுந்து செத்ததும், துக்கம் விசாரிக்க வந்த முதலாளி, குழியில் குற்றமில்லை, ஆள்தான் பார்த்து நடக்கவில்லை என்று ஊரார் முன்னால் சொன்னதும். இரண்டாவது, வாலிபத்தில் அதே பட்டறையில் வேலைநிறுத்தம் அறிவித்து, விடிந்ததும் வாசலில் வரிசையாக நிற்போம் என்று ரொட்டியின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தவர்களில் ஒருவர்கூட வராமல், அவர் ஒற்றை ஆளாக அந்த வாசலில் நின்றது. மூன்றாவது, துண்டறிக்கைகளை எழுதியது யார் என்று போலீசுக்கு யாரோ பெயர் சொன்னதும், சொன்னது யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போனதும், எழுதிய வலது கையைக் கதவிடுக்கில் வைத்து அவர்கள் கதவைச் சாத்தியதும். நான்காவது, சிறையிலிருந்து திரும்பியபோது, போராடியவர்கள் என்று தொழிற்சங்கம் சுவரில் பதித்திருந்த பளிங்குப் பலகையில், வாசலுக்கு வராதவர்களின் பெயர்களெல்லாம் இருக்க அவர் பெயர் இல்லாதது. ஐந்தாவது, அவர் பிறந்த வீட்டைப் பங்காளிகள் கூடி விற்று, வாங்கியவர்கள் அதை விருந்தினர் விடுதியாக்கி, முதல் விருந்தாளிகள் வந்து இறங்கிய மழைநாளில் அவரை மூட்டையோடு சந்தில் நிறுத்தியது.

இந்த வரிசையைப் பூஷ்தா ஒருநாளும் மாற்றமாட்டார். அவர் எழுத்துப் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, துண்டறிக்கைகளில். துண்டறிக்கையில் ஒன்றுக்குப் பிறகு இரண்டுதான் வரும். தேநீர்க் கடையில் யாராவது அவர்மேல் பரிதாபப்பட்டு வீடு போன கதையை எடுத்தால், "முதல்ல இருந்து வா" என்பார். பாதியில் தொடங்கினால் குற்றம் செய்தவன் தப்பிவிடுவான் என்பது அவர் கட்சி. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, வீடும் போயிற்று. அவருக்குச் செய்யப்பட்ட அநியாயங்கள் மட்டும் மிச்சம், அவை முழுக்க அவர் பெயரில் இருந்தன, அவற்றை யாரோடும் பங்குபோட அவர் தயாராக இல்லை.

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில், பழைய மதிலுக்கு உள்ளே, சுமையோடு கழுதை வந்தால் மனிதர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகளில் ஒன்று ஊசிக்காரர் சந்து. அங்கே ஒவ்வொரு கதவிலும் இரண்டு இரும்பு வளையங்கள் உண்டு. மேலே இருப்பது பெரியது, கனமானது, அந்நியருக்கு உரியது, அந்தச் சத்தம் கேட்டால் முற்றத்துப் பெண்கள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளிருந்தபடியே "யாரு?" என்று கேட்பார்கள். கீழே இருப்பது சின்னது, வீட்டு மனிதருக்கு உரியது; அந்தச் சத்தத்துக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை, கதவுதான் திறக்கும். அந்நியர் எவரும் சின்ன வளையத்தைத் தொடமாட்டார்கள். தொடக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. சட்டம் தேவைப்படாத சில காரியங்கள் அந்தச் சந்தில் அப்போதும் மிச்சம் இருந்தன.

வீட்டிலிருந்து நிறுத்தப்பட்ட அன்று, மழையில் நனைந்தபடி மாலைவரை சுற்றிவிட்டு, கால்கள் பழகிய வழியிலேயே போக, பூஷ்தா தம் பிறந்த வீட்டு வாசலுக்கே வந்துசேர்ந்தார். சின்ன வளையத்தைத் தட்டப் போனார்; அதை மெருகேற்றி, அழகுக்காகக் கதவோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள், அசையவில்லை. காலால் உதைத்தார். வரவேற்புப் பெண் கதவைத் திறந்து, மூட்டையைப் பார்த்து, கற்றுக்கொடுக்கப்பட்ட புன்னகையைப் புன்னகைத்தாள்.

"பதிவு பண்ணியிருக்கீங்களா ஸி?" என்றாள். ஆண்களை மரியாதையாக 'ஸி' என்றும் பெண்களை 'லல்லா' என்றும் அழைப்பது அந்த ஊர் வழக்கம்.

"பதிவா? அந்த முற்றத்துலதான் என் அம்மா என்னைப் பெத்தா."

"அப்ப முற்றத்து அறைன்னு போட்டுக்கட்டுமா? மொட்டைமாடி அறையிலதான் காட்சி நல்லா இருக்கும். நிறைய பேர் அதைத்தான் கேட்பாங்க."

"மொட்டைமாடியில கோழி வளர்த்தோம்."

"இப்ப காலை உணவு அங்கேதான் ஸி. முட்டை உண்டு," என்றாள் அவள், கேலி ஏதும் இல்லாமல்.

பூஷ்தா திரும்பி நடந்தார். எதிரே சக்கரப் பெட்டியை இழுத்துவந்த வெளிநாட்டுத் தம்பதி அவரை நிறுத்தி, மதிலுக்குள்ளே தங்குவது நல்லதா, வெளியே அகலத் தெருக்கள் உள்ள புது நகரத்தில் தங்குவது நல்லதா, உள்ளூர்க்காரராக நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று சைகையும் சொற்களுமாகக் கேட்டார்கள். உள்ளூர்க்காரர் மழையைக் காட்டினார். அவர்கள் சிரித்து, தலையாட்டி, நன்றி சொல்லிப் போனார்கள்.

அடுத்த வாசல் லல்லா ஹனியாவுடையது. இரவு தங்க ஒரு மூலை கேட்கலாம் என்று நினைத்தார். இடக்கையில் மூட்டை, மூட்டையைச் சேற்றில் வைக்க மனமில்லை. கதவிடுக்கில் நசுங்கிய வலக்கையின் விரல்கள் பெரிய வளையத்தைத் தூக்க மடங்கவில்லை. அதனால் மட்டுமே, வேறு எதனாலும் அல்ல, பூஷ்தா ஸெர்வாலி வாழ்க்கையில் முதல்முறையாகப் பிறத்தியார் வீட்டின் சின்ன வளையத்தைத் தட்டினார்.

"வந்துட்டியாடா அப்துல்ஹக்," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "கதவைச் சாத்து, குளிர் உள்ள வருது."

அப்துல்ஹக் லல்லா ஹனியாவின் மகன், படகில் ஸ்பெயினுக்குப் போய்த் தகவலே இல்லாமல் போனவன். ஹனியா பூஷ்தாவைவிட ஏழு வயது இளையவள். அவள் விளக்கடியில் அவரை நிறுத்தி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, இளைத்துவிட்டாய் என்றாள், உலர்ந்த துணி கொடுத்தாள், அவனுக்குப் பிடித்த பூசணிச் சோறு வைத்தாள், போனவன் ஒரு வார்த்தை சொல்லியனுப்பக்கூடாதா என்று முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். அவர், நான் பூஷ்தா என்றார். "சரி, சாப்பிடு," என்றாள். கையைப் பிடித்துப் பார்த்து, "ஸ்பெயின்காரன் தோட்டத்துல மெஷின்ல விட்டுட்டியா?" என்றாள். போலீஸ் உடைத்தது என்றார். "எல்லா ஊர்லயும் போலீஸ் போலீஸ்தான்," என்று எண்ணெய் தடவினாள். மூன்றாவது அநியாயம் அப்படித்தான் ஒரு பூசணிச் சோற்றுத் தட்டின் முன்னால் ஸ்பெயினுக்குக் குடிபோயிற்று.

மறுநாள் காலையில் அவர் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தபோது, நேற்றுவரை "ஸி பூஷ்தா" என்று அழைத்த மளிகைக்கடை லர்பி, "அப்துல்ஹக், உங்கம்மாவுக்குச் சர்க்கரை வாங்கலையா?" என்றார். அவருக்குப் பூஷ்தாவை நன்றாகத் தெரியும். அப்துல்ஹக்கையும் நன்றாகத் தெரியும். ஆனால் சின்ன வளையம் தட்டி ஒரு கதவு திறந்த பிறகு, திறந்தது தப்பு என்று சொல்ல லர்பி யார்?

அதன்பிறகு சந்து இந்தக் காரியத்தைத் தன் மற்றக் காரியங்களோடு சேர்த்துக்கொண்டது. தொலைந்தவர் இல்லாத வீடு அங்கே எது? ஒரு வீட்டுப் பிள்ளை கடலில், ஒரு வீட்டுப் பிள்ளை பாலைவனத்துப் பாசறையில், ஒரு வீட்டுத் தம்பி பிரான்சின் ஏதோ சுரங்கத்தில், ஒரு வீட்டு அண்ணன் சிறை வாகனத்தில் ஏறியதோடு சரி. ஒவ்வொரு வீடாக அவரை வரச்சொல்லி ஆள் அனுப்பியது; பூஷ்தா தட்டிய ஒவ்வொரு சின்ன வளையத்துக்கும் ஒவ்வொரு பெயர் உள்ளிருந்து ஓடிவந்தது. ஒரு வீட்டில் அவருக்கு ஈரல் பிடிக்கும், ஒரு வீட்டில் மீன் ஒத்துக்கொள்ளாது, ஒரு வீட்டில் விளக்கு எரியாவிட்டால் தூங்கப் பயப்படுவார். அவருடைய கை ஒரு வீட்டில் ஒலிவ மரத்திலிருந்து விழுந்து உடைந்தது, ஒரு வீட்டில் பிறக்கும்போதே அப்படி. எங்கே அவர் "முதலாவது" என்று ஆரம்பித்தாலும், அந்தந்த வீட்டுக்கு வேறொரு முதலாவது இருந்தது; அவர்கள் அதைச் சொல்லி அழ ஆரம்பித்துவிடுவார்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும்.

சிக்கல் வராமல் இல்லை. பள்ளிவாசலில் பெரியவர்கள் கூடிப் பேசி, தாய்மாரும் சகோதரிகளும் அவரை வரவேற்கலாம், கணவனைத் தொலைத்தவர்கள் கதவுப் பக்கம் அவர் போகக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அதைக் கேட்டு, லியோன் நகரத்துக்குப் போய்த் திரும்பாத தையல்காரரின் மனைவி மாடியிலிருந்து கத்தினாள்: "முடிவு பண்ண இவங்க யாரு? என் வீட்டு வளையத்தை அவன் தட்டட்டும், பெரிய வளையத்தைக் கழட்டி அவன் மண்டையிலயே போடறேன். வர்றவனுக்கு இருபது வருஷச் சட்டி பானை கழுவக் கிடக்கு!" சந்தே சிரித்தது. ஆனால் அன்று மாலை அவள் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்ததையும், சின்ன வளையத்துக்கு எண்ணெய் போட்டதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

பூஷ்தா மட்டும் சிரிக்கவில்லை. எந்த வீட்டில் தங்கினாலும், விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு தம் பெயரைச் சொல்லிக்கொள்வார், பிறகு ஐந்து அநியாயங்களையும் வரிசையாகச் சொல்வார். சொல்ல ஆளில்லாமல் போனால் அவை நடக்காதவை ஆகிவிடும் என்று பயந்தார். தம் தகப்பனார் குழியில் விழுந்தது வீணாகிவிடும், கதவு சும்மா சாத்தப்பட்டதாகிவிடும்.

வட்டாரப் பொறுப்பாளர் ஸி அல்லால், ஒரு காலத்தில் பூஷ்தாவின் துண்டறிக்கைகளைச் சுவரிலிருந்து கிழிக்கும் வேலை பார்த்தவர், ஒருநாள் அவரை நிறுத்திச் சொன்னார்: "புது நகரத்துல முதியோர் விடுதி இருக்கு. உங்க பேர்லயே கட்டில் தருவாங்க, தலைமாட்டுல பேரை எழுதி மாட்டுவாங்க. யோசிங்க."

"நான் மதிலுக்கு வெளியே போய்ப் படுக்கணும்னுதானே நீங்க எல்லாம் இத்தனை வருஷமா வேலை செஞ்சீங்க?"

"நீங்க சாகப்போற வயசுலயும் கூட்டத்துல பேசற மாதிரியே பேசறீங்க," என்றார் அல்லால், கோபமில்லாமல். "தங்க இடம் ஒண்ணைத் தேர்ந்தெடுங்க ஸி பூஷ்தா. ஒரு மனுஷன் ஒரு இடத்துலதான் இருக்க முடியும்."

தேர்ந்தெடுக்கும் வேலையைச் சந்தே குறைத்துக்கொண்டு வந்தது. விற்காதீர்கள் என்று பூஷ்தா வாசல் வாசலாகக் கத்தியும் வீடுகள் ஒவ்வொன்றாக விலைபோயின. சாரம் கட்டினார்கள், வர்ணம் பூசினார்கள், ஒவ்வொரு கதவிலும் சின்ன வளையத்தை மெருகேற்றிப் பற்றவைத்தார்கள். ஹனியாவின் வீட்டை அவள் கொழுந்தன்மார் விற்றார்கள். அவள் புது நகரத்தில் மகளுடைய ஆறாவது மாடிக்குப் போனாள். பூஷ்தா அவளைத் தேடிப் போனார். அங்கே கதவில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது, வந்தவர் எவரானாலும் அதைத்தான் அழுத்த வேண்டும். அழுத்தினார். "யாரு?" என்றது ஹனியாவின் குரல். கதவுச் சங்கிலி நீண்ட அளவுக்கு முகத்தைக் காட்டி, "ஓ, தோல் பட்டறை பூஷ்தாவா," என்றாள் மரியாதையாக, "என் மகன் வந்தா சொல்றேன்." அவர் ஆசைப்பட்ட பெயர்தான் அது. அவள் வாயிலிருந்து அதைக் கேட்டதும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் ஊசிக்காரர் சந்தில் சத்தம் தரும் சின்ன வளையம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது சந்தின் முடிவில், ஸுஹூர் தனியாக இருந்த வீடு. அவள் அண்ணன் தாமி, பூஷ்தாவோடு அதே பட்டறையில் தோலுக்குச் சாயம் ஏற்றியவன், ரொட்டியின் மேல் கைவைத்தவர்களில் ஒருவன், பூஷ்தா சிறையில் இருந்தபோது ஊரைவிட்டுப் போனவன். நல்ல நண்பன். அவனும் ஏதோ போலீஸ் தொல்லையால்தான் ஓடினான் என்று பூஷ்தா நினைத்திருந்தார்; அவனுக்காக ஒரு கூட்டத்தில் பேசியும் இருந்தார்.

தட்டினார். கதவு உடனே திறந்தது. ஸுஹூர் அவரை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழிட்டு, தாழில் முதுகை வைத்து நின்றாள்.

"யாராவது பார்த்தாங்களா அண்ணா?"

"பார்த்தா என்ன?"

"யாருக்கும் தெரியாது. இன்னிவரைக்கும் நான் யாருக்கும் சொல்லல. அம்மாகூட தெரியாமத்தான் செத்துப்போனா." அவள் அவருடைய வலக்கையைப் பார்த்தாள். பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "ஸி பூஷ்தாவுக்கு எந்தக் கையை உடைச்சாங்களோ, உனக்கும் அதே கையா? போதும் அண்ணா, கணக்குத் தீர்ந்துபோச்சு. நீ சொல்லலைன்னா வேற யாராவது அவர் பேரைச் சொல்லியிருப்பாங்க. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில கட்டில் வாங்கித் தர்றோம்னு போலீஸ் சொன்னாங்க, நீ பேரைச் சொன்ன. நான் உன்ன ஒருநாளும் திட்டல."

மூன்றாவது அநியாயத்தில் அத்தனை வருஷம் காலியாக இருந்த இடத்தில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்தது. அந்தப் பெயருக்கு உரியவனாகத்தான் அவள் அவரை இப்போது உள்ளே அழைத்திருந்தாள். வாழ்நாளெல்லாம் பூஷ்தா ஒத்திகை பார்த்திருந்த வசவுகள் எல்லாம் தொண்டைவரை வந்தன. ஆனால் முன்னால் இருந்தது அண்ணனைக் காத்த ஒரு தங்கை. திட்டு வாங்கவேண்டிய தாமியாக அவள் எதிரே நின்றதும் அவரே. எழுந்து வெளியே போனார். பட்டறையின் பாழடைந்த கூரைக்கீழ் இரண்டு இரவு கிடந்தார். சுண்ணாம்புக் குழி பக்கத்திலேயே இருந்தது. அதன் விளிம்பில் இப்போது கம்பி வேலி கட்டி, நின்று படம்பிடிக்கச் சிறு மேடை போட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஸுஹூர் அங்கேயே வந்தாள். சுற்றுலாப் பயணிகள் துர்நாற்றத்துக்குப் புதினா இலையை மூக்கில் வைத்துக்கொண்டு மேலே நிற்க, அவள் கீழே நின்று சொன்னாள். அவள் பெரியப்பாவின் பேரன்கள் அவள் இருக்கும் வீட்டை விடுதிக்கு விற்கப் பேசி முடித்துவிட்டார்கள். பாதி வீடு தாமியின் பங்கு. தாமி செத்துவிட்டான் என்று எழுதி வாங்கினால் அந்தப் பங்கில் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போகும், அவள் தெருவுக்குப் போவாள். பத்திரம் எழுதுபவர்கள் இருவர் வரும் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். தாமி உயிரோடு இருக்கிறான் என்று பன்னிரண்டு பேர் நேரில் வந்து சாட்சி சொன்னால், விற்க முடியாது.

"பன்னிரண்டு பேருக்கு எங்க போவ?" என்றார் பூஷ்தா.

"சந்து முழுக்க வரும் அண்ணா. உன்ன எல்லாருக்கும் தெரியும்."

"நான் பூஷ்தா."

அவள் அவரைப் பார்த்தாள். வீட்டுக்கு வெளியே, சின்ன வளையத்தின் சத்தம் எட்டாத இடத்தில், அவளுக்கு அவர் யாராகத் தெரிந்தார் என்று யாருக்கும் தெரியாது. மெதுவாக, முதல்முறையாகப் பெரியவர்களிடம் பேசுவதுபோல் சொன்னாள்: "ஸி பூஷ்தாதான் எங்க வீடுகளை விக்காதீங்கன்னு கத்திக்கிட்டே இருந்தார். இந்த ஒரு வீட்டையாவது அவர் காப்பாத்தியிருப்பார், அவரால முடிஞ்சிருந்தா. அவர் பேருக்கு அந்த வீட்டுல பங்கு இல்லையே."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஸுஹூரின் முற்றத்தில், எலுமிச்சை மரத்துக்கு எதிரே, பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். லர்பி நின்றார். குளிப்பறை அடுப்பு எரிப்பவர் நின்றார். ரொட்டியின் மேல் கைவைத்துவிட்டு வராமல்போனவர்களில் உயிரோடு இருந்த இரண்டு கிழவர்கள் நின்றார்கள், வராமல்போய்ச் செத்தவர்களின் பிள்ளைகள் நின்றார்கள். சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார்கள், சுத்தமான அங்கி போட்டிருந்தார்கள், தோளோடு தோள் உரச நின்றார்கள். பூஷ்தா பாயில் உட்கார்ந்து அந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். இதே வரிசையைத்தான் அன்று விடியற்காலையில் பட்டறை வாசலில் நின்று அவர் எதிர்பார்த்தார். கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பேரன்களில் மூத்தவன் கத்தினான்: "இந்த ஆள் பூஷ்தா! தோல் பட்டறை பூஷ்தா! உங்க எல்லாருக்கும் தெரியும்!"

பத்திரம் எழுதுபவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி, வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "பூஷ்தா ஸெர்வாலி என்று ஒருவர் உண்டா?"

"இருந்தார்," என்றார் லர்பி. "நல்ல மனுஷன். கோபக்காரர்."

"இப்போது?"

"போயிட்டார்," என்றது வரிசை. ஒரு குரல் பிசகவில்லை. "விட்டுட்டுப் போயிட்டார். தகவல் இல்ல."

அப்போது பூஷ்தா எழுந்து முதலாவது என்று ஆரம்பித்திருக்கலாம். வாய் திறந்ததும் உண்மை. ஆனால் முதலாவதில் குழியில் விழுந்தவர் யாருடைய தகப்பனார் என்று கேட்டால் சொல்ல, அந்த முற்றத்தில் ஆள் இல்லை. மூன்றாவதில் பெயர் சொன்னவனும், கை உடைந்தவனும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்தின் விளிம்பில் ஸுஹூர், துப்பட்டியின் நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றாள். கதவில் சின்ன வளையம் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. பூஷ்தா மனதுக்குள் வரிசையை இன்னொருமுறை ஓட்டி, ஐந்தாவதுக்குப் பிறகு ஆறாவதைச் சேர்த்தார். அவர் தமக்குத் தாமே செய்துகொண்ட ஒரே அநியாயம் அதுதான். வாயை மூடிக்கொண்டார்.

"பெயரைப் படிக்கும்போது, நான்தான் என்று சொல்ல வேண்டும்," என்றார் பத்திரம் எழுதுபவர்.

பூஷ்தா தலையாட்டினார். பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். பத்திரம் எழுதுபவர் தாளைக் கண்ணருகே பிடித்து, முற்றம் முழுக்கக் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திப் படித்தார்:

"தாமி. ஹாஷிம் மகன். ஊசிக்காரர் சந்து."